விழித்திரைப் படத்தில் மைக்ரோ அனியூரிசம் எண்ணுவது: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்புகளை, குறிப்பாக மைக்ரோ அனியூரிசங்களை (நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் வரும் சின்னப் புடைப்புகள், படத்தில் புள்ளிகளாகத் தெரியும்), படத்திலிருந்து எண்ணி, அளந்து சொல்லும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை இருப்பதால் இது எனக்கு வெறும் புராஜெக்ட் இல்லை.

மகாராஷ்டிராவின் நாந்தேடில் எடுக்கப்பட்ட ஐடிஆர்ஐடி (IDRiD) என்ற விழித்திரைப் படத்தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். அதில் 81 படங்களில் பாதிப்புகளைப் பிக்சல் அளவில் குறித்திருக்கிறார்கள். படங்கள் 4288 × 2848 பிக்சல். சுருக்கினால் சின்னப் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன, அதனால் துண்டு துண்டாக வெட்டி நிரலை ஓட்டுகிறேன். படத்தின் பச்சை நிறச் சேனலை மட்டும் எடுத்து, வெளிச்சத்தைச் சமன் செய்து, பாட்டம் ஹேட் வடிகட்டியால் கருமையான புள்ளிகளைப் பிரிக்கிறேன்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். படத்திலிருந்து ரத்தக்குழாயை நீக்கும்போது மெல்லிய கிளைகள் அறுந்து, அந்தத் துணுக்குகளும் மைக்ரோ அனியூரிசமாக எண்ணப்படுகின்றன. வட்டத்தன்மையை வைத்து வடிகட்டினால் உண்மையானவையும் சேர்ந்து போகின்றன. ஒன்றைத் தவறவிடுவதுதான் எனக்கு அதிகக் கவலை. இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

இன்னொன்று. மைக்ரோ அனியூரிசத்தின் அளவு 125 மைக்ரானுக்குக் கீழே என்ற வரம்பைப் பிக்சலுக்கு மாற்ற, பார்வை நரம்புத் தட்டின் (விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் வட்டப் பகுதி) விட்டத்தைச் சுமார் 1.5 மில்லிமீட்டர் என்று கொள்கிறேன். ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறுமே. கேமராவின் 50 டிகிரி பார்வைக் கோணத்தை வைத்துக் கணக்கிடுவது மேலா?

குழுவில் கண் மருத்துவர்கள் யாராவது இருந்தால், நிரல் தப்பாகக் காட்டிய இருபது புள்ளிகளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? படங்களை உடனே அனுப்புகிறேன்.