ஆப்பில் ஓடுது, டெஸ்ட்டில் விழுது: ஜாக்சன் டீசீரியலைசர் சந்தேகம்

அம்பைக்காரன்:
நம்ம நெல்லைப் பக்கத்து அணைகளின் நீர்மட்டம் காட்ட ஜாவாவில் சின்னதாக ஓர் ஆப் எழுதுகிறேன். முழு மட்டம்: 143 அடி பாபநாசம், 156 அடி சேர்வலாறு, 118 அடி மணிமுத்தாறு. அன்றன்றைய மட்டம் ஜேசனில் (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) "97.50 அடி" என்று ஸ்ட்ரிங்காக வருகிறது. "அடி"யை உதறிவிட்டு பிக்டெசிமலாக (ஜாவாவின் தசம எண் வகை) மாற்ற, ஜேசனைப் படிக்கும் ஜாக்சன் நூலகத்தில் சொந்தமாக ஒரு டீசீரியலைசர் (ஜேசன் மதிப்பை ஜாவா மதிப்பாக மாற்றும் கிளாஸ்) எழுதினேன். ஆப்பில் ஒழுங்காக ஓடுகிறது. டெஸ்ட் ஓட்டும் ஜேயூனிட்டில் மட்டும் நல்பாயிண்டர் எக்ஸப்ஷன், அதாவது மதிப்பே இல்லாத 'நல்'லை (null) பயன்படுத்தினால் வரும் பிழை. ஜேசன்ஃபேக்டரியில் ஒரு பார்சர் (ஜேசனைத் துண்டு துண்டாகப் படிப்பது) உண்டாக்கி, டீசீரியலைஸ் மெத்தடுக்கு நேரே கொடுக்கிறேன். உள்ளே, பார்சர் நிற்கும் துண்டின் எழுத்தைத் தரவேண்டிய கெட்டெக்ஸ்ட், 'நல்'லைத் தருகிறது. ரெண்டு ராத்திரி போச்சு.

பாளை அண்ணாச்சி:
தம்பி, பார்சரைக் கொடுக்கும் முன் நெக்ஸ்ட்டோக்கனை ஒருதடவை கூப்பிட்டீர்களா? புதுப் பார்சர் எந்த டோக்கனிலும் (ஜேசனின் ஒரு துண்டு) நிற்காது. ஆப்பில், ஜாக்சனில் முழுப் படிப்பையும் நடத்தும் ஆப்ஜெக்ட்மேப்பர்தான் அதை மதிப்பின் முதல் டோக்கனுக்கு நகர்த்திவிட்டு உங்கள் மெத்தடைக் கூப்பிடுகிறது. பாபநாசம் பஸ் இன்னும் நெல்லை ஜங்ஷனை விட்டே கிளம்பவில்லை. நீங்கள் கல்லிடைக்குறிச்சி வந்தாச்சா என்று எட்டிப் பார்க்கிறீர்கள்.

தென்காசிக்காரி:
அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் நானாக இருந்தால் பார்சரையே தொடமாட்டேன். டெஸ்ட்டில் ஓர் ஆப்ஜெக்ட்மேப்பர், அதில் சேர்க்கும் சிம்பிள்மாட்யூலில் உங்கள் டீசீரியலைசர், அப்புறம் ஜேசனைப் படிக்க ரீட்வேல்யூ. நிஜத்தில் நடப்பது அதுதானே? ஃபீல்டு மேல் டீசீரியலைசரை அனோட்டேஷனாக (@ போட்டு எழுதும் குறிப்பு) போட்டிருந்தால் மாட்யூல்கூட வேண்டாம். அந்த கிளாஸையே படிக்க வையுங்கள். அனோட்டேஷன் விட்டுப்போயிருந்தால் அதுவும் மாட்டும்.

அம்பைக்காரன்:
ஓடிருச்சு! ஆனால் புதுசாக ரெண்டு. மட்டம் நல் என்று வந்தால் 0 கொடுக்க ஓர் இஃப் எழுதியிருந்தேன், அது பக்கமே போகமாட்டேங்குது. 97.5-ஐ எதிர்பார்த்தால் 97.50 வந்தது என்று டெஸ்ட் விழுகிறது.

பாளை அண்ணாச்சி:
நல் உங்கள் மெத்தடுக்கு வராது. ஜாக்சன் அதற்கு கெட்நல்வேல்யூவைக் கூப்பிடும். வேண்டுமானால் அதை ஓவர்ரைடு செய்யுங்கள். ஃபீல்டே ஜேசனில் இல்லாவிட்டால், செட்டர் மெத்தடால் மதிப்பை வைக்கும் சாதாரண கிளாஸில் அந்தக் கூப்பாடும் நடக்காது. அதற்குத் தனி டெஸ்ட் போடுங்கள். ஆனால் 0 மட்டும் வேண்டாம் தம்பி. அளவு வராத அன்னைக்கு அணை வற்றிப்போச்சு என்று உங்கள் ஆப் காட்டும்.

தென்காசிக்காரி:
பிக்டெசிமலில் ஈக்வல்ஸ், புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதையும் சேர்த்துப் பார்க்கும். மதிப்பை மட்டும் ஒப்பிடும் கம்பேர்டூ 0 தருகிறதா என்று பாருங்கள்.

அம்பைக்காரன்:
இஃப்பைத் தூக்கிவிட்டேன். நல் வந்தால் திரையில் "இன்றைய அளவு வரவில்லை". எல்லா டெஸ்ட்டும் பச்சை. ரெண்டு பேருக்கும் நன்றி.