இன்டாக்ட்ரினேட் எண்டால் திணிக்கிறதோ?

உவர்மலை ரீச்சர்:
திருக்கோணமலையில ஏ.எல். பிள்ளையளுக்கு இங்கிலிஷ் ரியூசன் எடுக்கிறன். நேற்றுப் பாடத்தில ‘இன்டாக்ட்ரினேட்’ வந்துது. “கருத்தைத் திணிக்கிறது” எண்டு சொல்லிப்போட்டு அடுத்த வரிக்குப் போக வெளிக்கிட்டன். தம்பலகாமத்துப் பிள்ளை ஒண்டு எழும்பி, “மிஸ், நாலு வயசில அம்மம்மா எனக்குக் கருத்துத் தெரியாமலே தேவாரம் பாடமாக்க வைச்சவ. அதுவும் இதுதானோ?” எண்டு கேட்டுது. எனக்கு மறுமொழி வரேல்லை. இரவு நித்திரையும் இல்லை. திணிக்கிறதுக்கு ‘இம்போஸ்’ இருக்குத்தானே? அப்ப இதுக்கு என்ன சொல்லுறது? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

பழைய மொழிபெயர்ப்பாளர்:
ரீச்சர், திணிச்சால் வாங்கிறவருக்குத் தெரியும், நோகும். இதில தெரியாது. தன்ர சொந்த யோசினை எண்டே நினைச்சுக்கொண்டு இருப்பார். கேள்வி கேக்கிற வாசலைப் பூட்டிப்போட்டுப் படிப்பிக்கிறதுதான் இன்டாக்ட்ரினேட். அடி லத்தீன், படிப்பிக்கிறது எண்ட கருத்து. டொக்டர், டொக்குமென்ட் எல்லாம் அதே குடும்பம். 17ஆம் நூற்றாண்டில இதுக்கும் வெறுமனே படிப்பிக்கிறது எண்டுதான் கருத்து, கெட்ட மணம் பிறகு ஏறினது.

பிள்ளையள் பிழைவிடுற இடம் ஒண்டு இருக்கு. இன்டாக்ட்ரினேட் பண்ணுறது ஆளை. கருத்துக்கு முன்னால ‘வித்’ அல்லது ‘இன்டூ’ வரும். ‘இன்கல்கேட்’ எண்டால் திரும்பத் திரும்பச் சொல்லி மனசில பதிய வைக்கிறது. அப்பிடிப் பண்ணுறது பழக்கத்தை, ஒழுக்கத்தை. ஆளுக்கு முன்னால ‘இன்’. ‘இம்போஸ்’ பண்ணுறதும் கருத்தைத்தான், ஆளுக்கு முன்னால ‘ஒன்’.

நிலாவெளி அம்மா:
மூளைச்சலவை எண்டு போடேலாதோ?

பழைய மொழிபெயர்ப்பாளர்:
அது ‘பிரெய்ன்வொஷ்’, தங்கச்சி. சீனச் சொல்லை அப்பிடியே பெயர்த்து, 1950இல எட்வர்ட் ஹண்டர் எண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் இங்கிலிஷில பரப்பினது. கழுவுறதுக்கு உள்ள முதலே ஏதும் இருக்கோணும். நாலு வயசுப் பிள்ளையிட்ட என்னத்தைக் கழுவுறது?

உவர்மலை ரீச்சர்:
பெரிய உபகாரம் ஐயா. இண்டைக்கு அந்தப் பிள்ளையிட்ட, “நீ கேள்வி கேட்டால் அம்மம்மா ஏசுவாவோ?” எண்டு கேட்டன். “இல்லை மிஸ், கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க ஒவ்வொரு வரியாக் கேப்பன். களைக்கக் களைக்கச் சொல்லித்தருவா” எண்டுது. அப்ப அது இன்டாக்ட்ரினேட் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. போர்டில இருந்த ‘திணிக்கிறது’ எண்டதை அழிச்சு, ‘கேள்வி கேக்க விடாமல் ஒரு கொள்கையைப் புகட்டுறது’ எண்டு எழுதிவிட்டன்.