ராத்திரி 2 முதல் 5 வரை லோடு வண்டியை நிறுத்தியே ஆகணுமா?

டீசல்_கணக்கு:
ராத்திரி 2 மணிக்கு லாரியை ஓரங்கட்டி 5 மணி வரைக்கும் டிரைவரைத் தூங்க விடணும்னு இங்க சிலர் விதி மாதிரியே எழுதிட்டு வர்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ராத்திரியில டயர் சூடு குறைவு, ரோடும் காலி. பெரிய ஊருக்குள்ள பகல்ல கனரக வண்டிக்குத் தடை. விடியறதுக்குள்ள உள்ள நுழையலேன்னா அன்லோடிங் ஒரு நாள் தள்ளிப்போகும். தூக்கம் வந்தா ஒரு டீ, கொஞ்சம் தண்ணி மூஞ்சில. நாமக்கல், சங்ககிரி வண்டி எல்லாம் இப்படித்தான் இந்தியா முழுக்க ஓடுது.

பணிநேரம்:
காலி ரோடுதான் சிக்கல். வேலை இல்லாத மூளை சீக்கிரம் அசரும். உடம்பின் கடிகாரம் விழிப்பைக் குறைப்பதும் சரியாக அந்த 2 முதல் 5 வரைதான். (மதியம் 2 முதல் 4 வரை இன்னொரு சின்னச் சரிவு உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.) தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்குவதாக ஆய்வுகள் அளந்திருக்கின்றன. நம் சட்டம் விட்டு வைத்திருக்கும் வரம்பு 0.03. காலை 7 மணிக்கு எழுந்து, லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, ராத்திரி 12 மணிக்கும் ஸ்டியரிங்கில் இருப்பவர் அந்த வரம்பைத் தாண்டியவர் மாதிரிதான். ஊதச் சொன்னால் மட்டும் காட்டாது.

கண் திறந்தபடியே 4 விநாடி அசந்தால், 60 கி.மீ. வேகத்தில் வண்டி 67 மீட்டர் ஆளில்லாமல் போகும். முகம் கழுவுவது சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். டீயில் உள்ள காஃபீன் வேலை செய்யவே 20, 30 நிமிடம் ஆகும். குடித்தவுடன் கிளம்பினால் அந்த அரை மணி நேரம் வெறும் நம்பிக்கையில்தான் ஓடுகிறது. டீ குடித்த கையோடு படுங்கள், 20 நிமிடத்துக்கு அலாரம். எழும்போது டீயும் வேலையைத் தொடங்கியிருக்கும். முக்கால் மணி, ஒரு மணி என்று தூங்கி ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழுந்தால்தான் தலை கனத்துக் கிடக்கும். ஒன்று 20 நிமிடம், இல்லையென்றால் 90 நிமிடத்துக்குக் குறையாமல். அந்த 20 நிமிடமும் அடுத்த நல்ல இடம் வரை போய்ச் சேர்வதற்குத்தான், ராத்திரி முழுக்க ஓட்டுவதற்கு அல்ல.

பத்துச்சக்கரம்:
சரிங்க சார், தூங்கறோம். எங்க தூங்கறது? ஹைவே ஓரத்துல 3 மணி நேரம் அசந்தா டேங்க்ல டீசல் இருக்காது. மூடிக்குப் பூட்டு போட்டா அடியில டீசலை வடிக்கற டிரெயின் நட்டைக் கழட்டிடறான். பேட்டரி, ஸ்டெப்னி, அப்புறம் தார்ப்பாயைக் கிழிச்சு லோடு. குறைஞ்சதுக்கு ஓனர் பிடிக்கறது டிரைவர் பேட்டாவுலதான். தூங்காம உக்காந்திருக்கறதுக்குப் பாதி காரணம் இதுதான்.

பணிநேரம்:
நியாயமான பயம் அண்ணே, மறுக்கவில்லை. அதனால்தான் இடத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யச் சொல்கிறேன். கண் சொருகிய பிறகு தேடினால் கிடைப்பது இருட்டு ஓரம்தான்.

கேமராவும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க், எண்ணெய் நிறுவனங்களின் 'அப்னா கர்' ஓய்விடம், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் லாரி நிறுத்தம், டோல் பக்கத்து லே-பை (வண்டி ஒதுங்கி நிற்க ரோட்டோரம் விட்ட இடம்). இந்த வரிசையில் பாருங்கள். அப்னா கரில் படுக்கை, குளியல், சமைக்க இடம் எல்லாம் உண்டு. ஒன்றுக்கு இரண்டு இடம் குறித்துக்கொள்ளுங்கள், முதலாவது நிறைந்திருக்கும். நிறுத்தும்போது பின்கதவு சுவரையோ இன்னொரு லாரியையோ ஒட்டி இருக்கட்டும், கதவைத் திறக்க இடம் இருக்காது. டேங்க் பக்கம் பக்கத்து வண்டியின் டேங்கைப் பார்த்து ஓர் ஆள் நுழைய முடியாத இடைவெளி. முகம் வெளியே பார்த்து நிற்கட்டும். டிரெயின் நட்டில் கம்பி போட்டு சீல் வையுங்கள். திருட்டை முழுக்கத் தடுக்காது, ஆனால் கழற்றச் சத்தம் வரும், நேரமும் பிடிக்கும். டீசல் முள்ளைப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிட்டுப் படுத்தால், குறைந்ததற்குக் கணக்கு யாரிடம் என்ற சண்டையாவது வராது.

கேபின்_குளிர்:
2025 அக்டோபர் 1 முதல் தயாராகற 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கெல்லாம் கேபினில் ஏசி கட்டாயம் ஆயிடுச்சே. எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை ஏத்திட்டுத் தூங்கினா கொசுவும் இல்ல, திருடனும் இல்ல. பிரச்சனை முடிஞ்சுது.

பட்டறை_ஆள்:
முடியறது பிரச்சனை இல்ல தம்பி, ஆள். டீசல் எஞ்சின் புகையில கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயு பெட்ரோலைவிடக் குறைவு, இல்லேன்னு இல்ல. சைலன்சர் ஜாயின்ட்ல ஒரு ஓட்டை, கேபின் தரையில ரப்பர் கிழிஞ்சிருந்தா புகை மேல வரும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. ஏசி உள் காத்தையே சுத்தும். பக்கத்துல எஞ்சின் ஓடிட்டு நிக்கற ரீஃபர் வண்டி (குளிர்பதன லாரி) இருந்தா அதோட புகையும் உங்களுக்குத்தான். டீசல் மணிக்கு 2 லிட்டர் வரைக்கும் வேற போகும். அதைவிட மோசம், மழைக்கு ஒதுங்கிக் கேபினுக்குள்ளயே கேஸ் அடுப்பு பத்தவைக்கறது. கொசுவத்தியும் வேண்டாம், மெத்தையில பொறி விழுந்தா போச்சு. ஜன்னலுக்குக் கொசு வலை அடிச்சு ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்ச் இறக்கி வைங்க.

இன்னொண்ணு. நிழலுக்காக வண்டிக்கு அடியில படுக்கறது. கிளீனர் படுத்திருக்கறது தெரியாம டிரைவர் வண்டியை எடுத்துடுவார். எழுந்ததும் ஒரு சுத்து சுத்தி, குனிஞ்சு பார்த்துட்டு, டயரைத் தட்டி, பிரேக் ஏர் பிரஷர் 7 பாருக்கு மேல வந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விடணும். டயருக்குக் கட்டை வெச்சிருந்தா அதையும் எடுத்துக்கணும்.

டீசல்_கணக்கு:
இடம், பாதுகாப்பு எல்லாம் சரி. நேரம்? ஈ-வே பில் (சரக்கு கொண்டு போறதுக்கான ஜிஎஸ்டி சீட்டு) காலாவதி ஆனா அபராதம் யார் கட்டறது?

பணிநேரம்:
2021 ஜனவரி 1 முதல் சாதாரண லோடுக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று கணக்கு. சேலத்திலிருந்து டெல்லி சுமார் 2,400 கி.மீ. என்றால் 12 நாள் கிடைக்கும். தவிர்க்க முடியாத தாமதம் என்றால், காலாவதிக்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்துக்கொள்ளலாம். அவசரம் ஈ-வே பில்லால் வருவதில்லைங்க. மூன்றே நாளில் சேர்க்கிறேன் என்று ஓனர் சரக்குக்காரரிடம் ஒப்புக்கொண்டதால் வருகிறது. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வு, இரண்டு நாள் வேலைக்கு நடுவில் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு என்று எழுதி வைத்திருந்தது.

பத்துச்சக்கரம்:
சட்டத்தை அன்லோடிங் பாயின்ட்ல காட்டுங்க சார். கேட்டுக்கு வெளியே 10 மணி நேரம் வரிசை. ரெண்டு வண்டி நகர்ந்தா நாமளும் நகரணும், தூங்க முடியாது. அது ஓய்வுன்னு எழுதிக்கறாங்க.

பணிநேரம்:
அது ஓய்வே அல்ல, வேலை நேரம். அதை முடித்துவிட்டு அன்றிரவே ரிட்டர்ன் லோடு எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஓட்டம்.

டீசல்_கணக்கு:
ரெண்டு டிரைவர் போட்டா ஓடிட்டே இருக்கலாமே?

பட்டறை_ஆள்:
ரெண்டு டிரைவர்னா ரெண்டு கனரக லைசென்ஸ். பாதி வண்டியில கிளீனர்தான் ரெண்டாவது டிரைவர். ஓடற வண்டியில வர்ற தூக்கமும் அரைத் தூக்கம்தான். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாத்தினாலும் நாளுக்கு ஒரு தடவை வண்டி நிக்கணும், ரெண்டு பேரும் படுக்கணும்.

வளைவுப்பாதை:
ஓரத்தில் நிறுத்துபவர்களுக்கு ஒன்று. 80 கி.மீ.யில் வரும் லோடு லாரிக்கு, டிரைவர் பார்த்து மிதித்து நிற்க 80 மீட்டருக்கு மேல் வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் 10 மீட்டரில் வைத்துப் பயனில்லை, 100 மீட்டராவது தள்ளி வையுங்கள். பின்பக்கச் சிவப்பு ஒளிர் பட்டையைத் துடையுங்கள், சேறு மூடினால் அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. முக்கோணத்துக்குப் பதில் கல்லும் மரக்கிளையும் வைத்து, கிளம்பும்போது அப்படியே விட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல? அடுத்து பைக்கில் வருகிறவர் அதில் ஏறுவார்.

பெங்களூரிலிருந்து சேலம் வருகிறவர்கள் 2 மணிக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தர்மபுரி தாண்டி வரும் தொப்பூர் மலை இறக்கம் அந்த நேரத்துக்கானது அல்ல. அசதியில் கியர் மாற்றச் சோம்பி, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையும் பிரேக் லைனிங் மேல். அது சூடேறிப் பிடிப்பு விட்ட பிறகு மிதித்துப் பயனில்லை.

டீசல்_கணக்கு:
தொப்பூருக்கு முன்னாடி நிறுத்தறதை ஒத்துக்கறேன். மத்த ரூட்டுல 3 மணி நேரம் நின்னா வாரத்துக்கு ஒரு ட்ரிப்பு குறையும். அதுக்கு வாடகையில யார் ஏத்தித் தருவாங்க, அதையும் சொல்லுங்க.

பத்துச்சக்கரம்:
லோடு பேசும்போதே சேருற நேரத்தை 3 மணி நேரம் தள்ளிச் சொல்லுங்க ஓனரே. கேட்டுல 10 மணி நேரம் நிக்க வைக்கறவங்க அதுக்கு வாடகையைக் குறைக்க மாட்டாங்க.