மூலத்தை மிஞ்சிய மறுபாட்டு: மேடையில் யார் பெயரைச் சொல்வது?

வேளிமலை (தக்கலை)

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில் மூன்றாம் நாள் இரவு கானமேளா என்னும் மெல்லிசைக் கச்சேரி நடப்பது வழக்கம். ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் படத்தின் பெயரையும் இசையமைப்பாளரின் பெயரையும் அறிவிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இந்த முறை ‘தொட்டால் பூ மலரும்’ பாடலை, 2004-இல் வெளிவந்த ‘நியூ’ படப் பாடல், இசை ஏ.ஆர். ரகுமான் என்று அறிவித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். மறுநாள் வில்லுப்பாட்டுக்காக வந்திருந்த, குடம் அடிக்கும் பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, “மக்களே, அது வாலி எழுதினது. ‘படகோட்டி’யில சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடினது. மெட்டு புதுசுன்னா புதுசுன்னு சொல்லு, பழசு இல்லாத மாதிரி ஆக்கிராதே” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை; வருத்தம் இருந்தது. அது என்னை இன்னும் விடவில்லை.

முதலில் பாடியவரை விட, பிறகு பாடியவரால் புகழ் பெற்ற பாடல்கள் எவை, அவை ஏன் அப்படி ஆயின, அவற்றை அறிவிக்கும்போது யாருடைய பாடல் என்று சொல்வது முறை என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

கோணம் நேயர் (நாகர்கோவில்)

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன பாடல் மூலத்தை மிஞ்சியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984-இல் நம் நாகர்கோவில் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வருபவன் நான். 1964-ஆம் ஆண்டுப் பாடல் இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒலிக்கிறது. மேலும், ‘நியூ’ படத்தில் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டையே புதிதாக அமைத்தார்கள். ஆகவே அதைக் கவர் பாடல், அதாவது ஒருவர் பாடியதை இன்னொருவர் மறுபடி பாடும் மறுபாட்டு, என்று சொல்வதை விட ஒரே வரிகளுக்குப் பிறந்த இரண்டாவது பாடல் என்று சொல்வதே பொருந்தும்.

மூலம் ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியாமல் போகும்போதுதான் மிஞ்சியது என்று சொல்லலாம். அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெடிங் 1965-இல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ அப்படிப்பட்டது. உழைத்துக் காசோடு வீடு திரும்பும் ஆண், தனக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கும் பாட்டு அது. 1967-இல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் அதையே பெண்ணின் வாயால் கேட்க வைத்தார். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்லும் பகுதியைச் சேர்த்தார். அவருடைய தங்கை கரோலினும் அக்காள் எர்மாவும் பின்குரல் கொடுத்தார்கள். கேட்பவர் யார் என்பது மாறியதும் பாட்டின் பொருளே மாறிவிட்டது. அதே ஆண்டு மான்டரே இசை விழாவில் ஓடிஸ் ரெடிங்கே, ஒரு பெண் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட பாட்டு என்று சொல்லித்தான் இதைப் பாடத் தொடங்கினார். அந்த டிசம்பரில் விமான விபத்தில் அவர் இறந்துபோனார்.

முட்டம் பாடகர் குழு

எங்கள் பங்கு தேவாலயத்தில் திருமணப் பாடல் பயிற்சியின்போது மணமகளின் வீட்டார் ‘ஹல்லேலூயா’ வேண்டும் என்று கேட்டார்கள். தலைப்பை வைத்து அதைத் துதிப்பாடல் என்றே நினைத்திருந்த நாங்கள், வரிகளை அச்செடுத்து ஆளுக்கொரு தாளாகப் பிடித்து வாசித்தபோதுதான் அது தாவீது அரசனின் தவறையும் முறிந்துபோன காதலையும் பாடுகிறது என்பது தெரிந்தது. ஆர்மோனியத்தில் விரல் வைத்திருந்த அக்கா துருத்தியை மெல்ல மூடிவிட்டார். அன்று வேறு பாடலைத் தேர்ந்தோம்.

ஆனால் அந்தப் பாட்டின் வரலாறு உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை சொல்கிறது. கனடாப் பாடகர் லெனார்ட் கோஹன் பல ஆண்டுகள் எழுதி எழுதிச் செதுக்கி 1984-இல் வெளியிட்டார். அவருடைய நிறுவனம் அந்தத் தொகுப்பை அமெரிக்காவில் வெளியிடவே மறுத்தது. 1991-இல் ஜான் கேல் என்ற பாடகர், கோஹன் அனுப்பிய ஏராளமான சரணங்களிலிருந்து தனக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்து, பியானோவோடு பாடினார். அதைக் கேட்டுத்தான் ஜெஃப் பக்லி 1994-இல் ஒற்றைக் கிதாரோடு பாடினார். ஆகவே இன்று உலகம் அறிந்த ‘ஹல்லேலூயா’ ஒரு மறுபாட்டின் மறுபாட்டு. கோஹனின் பதிவில் கனத்த பின்னணியும் குழுப்பாடலும் இருந்தன. மற்ற இருவரும் அவற்றை நீக்கியதும் வரிகள் தனியே கேட்டன. எழுதியவரின் வரிகள் வெளிச்சத்துக்கு வர இன்னொருவரின் காது தேவைப்பட்டது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய ‘ஹர்ட்’ பாடலையும் சொல்ல வேண்டும். 1994-இல் டிரென்ட் ரெஸ்னர் என்ற இளைஞர் எழுதிய அந்தப் பாட்டை, 2002-இல் எழுபது வயதில் கேஷ் பாடியபோது, மூலத்தில் கிரீடத்தோடு வந்த ஒரு வசைச்சொல்லை எடுத்துவிட்டு முள்முடி என்று மாற்றினார். அந்த ஒரு சொல்லால், இளைஞனின் வெறுப்பு சாவை நெருங்கிய முதியவரின் அறிக்கையாகிவிட்டது. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

களியக்காவிளை எல்லை

எங்கள் பக்கத்துக் கானமேளாக்களில் எப்போதும் எழும் ஒரு வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளையராஜாவின் ஒரே மெட்டு, தமிழில் ‘ஆட்டோ ராஜா’ படத்தில் ‘சங்கத்தில் பாடாத கவிதை’ என்றும், மலையாளத்தில் ‘ஓளங்ஙள்’ படத்தில் ஓ.என்.வி. குறுப்பின் வரிகளில் ‘தும்பீ வா’ என்றும் 1982-இல் வந்தது. இரண்டிலும் ஜானகியின் குரல் உண்டு. எல்லையோரப் படந்தாலுமூட்டுக்கு மேற்கே, மலையாளப் பக்கம், ‘தும்பீ வா’தான் மூலம் என்பார்கள், கிழக்கே மற்றதுதான் என்பார்கள். எனக்குத் ‘தும்பீ வா’ ஒரு படி மேல்.

கோர்ட் ரோடு வாசகர் (நாகர்கோவில்)

யார் பெயரைச் சொல்வது என்பதற்குச் சட்டத்தில் ஒரு வியப்பான விடை இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவின்படி கவர் ஒலிப்பதிவு செய்ய, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். உறையில் இது கவர் பதிப்பு என்று குறிப்பிட வேண்டும். ஆனால் முதலில் பாடியவரின் பெயரையோ படத்தையோ அந்த உறையில் போடக் கூடாது. வாங்குபவர் அவரே பாடியது என்று ஏமாந்துவிடக் கூடாது என்பதே காரணம். உறைக்கான இந்த விதி மேடை அறிவிப்பைக் கட்டுப்படுத்தாது.

எழுதியவருக்கு உரிமை எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனிடம் காணலாம். 1974-இல் அவர் வெளியிட்ட ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடலை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். பிரெஸ்லியின் மேலாளர் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டதால் டாலி மறுத்துவிட்டார். 1992-இல் விட்னி ஹூஸ்டன் பாடி, அமெரிக்கப் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றபோது, எழுதியவருக்குரிய தொகை டாலியிடமே வந்து சேர்ந்தது. அன்று அவர் இணங்கியிருந்தால் அதில் பாதி போயிருக்கும்.

வேளிமலை (தக்கலை)

அனைவருக்கும் நன்றி. அடுத்த கொடைக்கான அறிவிப்பை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்: “வாலியின் வரிகள். விசுவநாதன், ராமமூர்த்தி மெட்டில் 1964-இல் சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடியது. இப்போது நீங்கள் கேட்கவிருப்பது 2004-இல் ரகுமான் அமைத்த மெட்டு.” அதற்கு முன்னால் பழைய மெட்டில் பல்லவியை மட்டும் அந்தக் குடக்காரப் பெரியவரையே பாட வைக்கலாமா என்று கானமேளாக் குழுவின் தலைவரிடம் கேட்டேன். பெரியவருக்கு எந்தச் சுருதி ஒத்துவரும் என்று கேட்டுச் சொல்லுங்கள், கீபோர்டில் வைத்துவிடுகிறோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.