சத்துவாச்சாரியில் மாடி வீடு நாலு மாசமா காலி, வாடகையைக் குறைக்கணுமா?

மாடிவீடு632009

எல்லாருக்கும் வணக்கம். வீடு வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு, ஃபேஸ் 2. முதல் மாடி, அதுக்கு மேல மொட்டை மாடிதான். ரெண்டு பெட்ரூம், 850 சதுர அடி. ஈபி தனி சர்வீஸ். போர் தண்ணி எப்பவும் வரும், காவிரித் தண்ணியை மட்டும் கீழ சம்ப்ல பிடிச்சுக்கணும். பைக் ரெண்டு உள்ளே நிறுத்தலாம், கார்னா தெருவுலதான்.

வாடகை 13,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். பங்குனி ஆரம்பத்துல காலியாச்சு, நாலு மாசம் ஆகப்போகுது. கேட்ல டு-லெட் போர்டு மாட்டியிருக்கு, ஆன்லைன்லயும் போட்டாச்சு. ஆடி பிறக்க இன்னும் ரெண்டு வாரம்தான், அதுக்கு அப்புறம் யாரும் குடி வர மாட்டாங்க. 12,000ஆக இறக்கினா நிரந்தர நஷ்டம்னு வீட்டுல சொல்றாங்க. என்ன செய்யலாம்?

---

கணக்குப்பிள்ளை

நிரந்தர நஷ்டம் எதுன்னு முதல்ல கணக்குப் போட்டுடலாம் சார். நாலு மாசம் காலின்னா 52,000 போச்சு. மாசம் ஆயிரம் குறைச்சு விட்டிருந்தா இந்த 52,000ஐ இழக்க 52 மாசம் ஆகியிருக்கும், அதாவது நாலு வருஷம் நாலு மாசம். இன்னும் ஒரு மாசம் காலியா கிடந்தா அதுவே 13 மாசக் குறைப்புக்குச் சமம்.

ஆனா நான் வாடகையில கை வைக்கச் சொல்ல மாட்டேன், அட்வான்ஸ்ல வைக்கச் சொல்வேன். ஒரு லட்சத்தை ஐம்பதாயிரம் ஆக்கினா உங்களுக்கு என்ன போகுது? அந்த 50,000ஐ 7 சதவீத டெபாசிட்ல போட்டா வருஷத்துக்கு 3,500, மாசத்துக்கு 300 ரூபாய்கூட வராது. வர்ற குடும்பம் அதே 50,000ஐ ரெண்டு வட்டிக்கு வாங்கினா மாசம் ஆயிரம் கட்டணும். உங்களுக்கு 300, அவங்களுக்கு 1,000. விட்டுக் கொடுக்கிறதா இருந்தா இதைத்தான் விடணும். போர்டுலயே "அட்வான்ஸ் 50,000"ன்னு எழுதிடுங்க. போன்ல கேட்டா மட்டும் குறைப்போம்னு வச்சிருந்தா போன் பண்ணாம போறவங்களை எப்படிப் பிடிப்பீங்க?

அதுக்கு முன்னாடி மூணு எண்ணிக்கை சொல்லுங்க. எத்தனை போன் வந்தது, எத்தனை பேர் வந்து பார்த்தாங்க, எத்தனை பேர் ரெண்டாவது தடவை வந்தாங்க? போனே வரலைன்னா கோளாறு விலையிலயோ விளம்பரத்துலயோ. போன் வந்தும் ஆள் வரலைன்னா நீங்க போடுற நிபந்தனையில. வந்து பார்த்துட்டுத் திரும்பலைன்னா வீட்டுலதான்.

---

மாடிவீடு632009

போன் 22. வந்து பார்த்தது 9 குடும்பம். ரெண்டாவது தடவை ஒருத்தரும் வரலை. பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை மதியம்தான் வந்தாங்க. பாத்ரூம்ல நாத்தம்னு ரெண்டு பேர் சொன்னாங்க, ஆனா செப்டிக் டேங்க் போன வருஷம்தான் எடுத்தது. சின்ன பெட்ரூம் சீலிங் மூலையில மஞ்சள் கறை ஒண்ணு இருக்கு. போன்ல பேச்சிலர் வேண்டாம், சைவம் மட்டும்னு சொல்லிடுறோம்.

---

ரிப்பேர்_ரங்காபுரம்

ஒன்பது பேர் பார்த்துட்டு ஒருத்தர்கூடத் திரும்பலைன்னா வீட்டைத்தான் பார்க்கணும். அட்வான்ஸ் எல்லாம் அப்புறம்.

நாத்தம் செப்டிக் டேங்க்ல இருந்து வரலை சார். பாத்ரூம் தரையில ஜல்லடை மூடி இருக்கே, அதுக்கு அடியில டிராப்ல ரெண்டு அங்குலம் அளவுக்குத் தண்ணி நின்னு குழாய் வாசத்தை அடைச்சு வைக்கும். ஆள் இல்லாத வீட்டுல, அதுவும் நம்ம ஊர் வெயில்ல, சில வாரத்துல அது வத்திடும். அப்புறம் நாத்தமும் கரப்பானும் நேரா மேல வரும். ஒவ்வொரு டிராப்லயும் ரெண்டு மக்கு தண்ணி ஊத்துங்க, அது மேல ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்க. எண்ணெய் மிதக்கிறதால தண்ணி ஆவியாகாது. கிச்சன் சிங்க், வாஷிங் மெஷின் அவுட்லெட், பால்கனி ஓட்டை எதையும் விடாதீங்க. கக்கூஸை ஃப்ளஷ் பண்ணி மூடி போட்டு வைங்க. பினாயில் மட்டும் ஊத்தினா அன்னிக்கு ஒரு நாள் வாசம் மாறும், அவ்வளவுதான்.

அடுத்தது மூலைக் கறை. மூலையில வந்திருக்குன்னா அநேகமா அதுக்கு நேர் மேல மழைத்தண்ணி இறங்குற குழாய் வாய் இருக்கும். அங்க சருகு அடைச்சு, குழாயும் தளமும் சேர்ற இடத்துல பூச்சு விட்டிருக்கும். சுத்தம் பண்ணிட்டு ஓட்டையைத் துணியால அடைச்சு, மாடியில ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி ஒரு நாள் விடுங்க. கீழ ஈரம் தெரிஞ்சா அந்த இடத்தைக் கொத்தி, வாட்டர்புரூஃப் கலவை போட்டுப் பூசணும். நல்லா காய்ஞ்ச பிறகுதான் உள்ளே பெயிண்ட். கறை மேல நேரா டிஸ்டம்பர் அடிச்சா ஒரு மாசத்துல மஞ்சள் திரும்ப எட்டிப் பார்க்கும். முதல்ல ஆயில் பிரைமர் ஒரு கோட் அடிச்சாத்தான் அடங்கும். வீடு பார்க்க வர்றவங்க கண்ணு முதல்ல போறது சீலிங்குக்குத்தான். கறையைப் பார்த்தா "மழைக்கு ஒழுகும்"னு அங்கேயே முடிவு கட்டிடுவாங்க.

மூணாவது சூடு. மேல நேரா மொட்டை மாடி, காட்டுறது ஞாயிறு மதியம். அடுப்புக்குள்ள கூட்டிட்டுப் போய் நிறுத்துற மாதிரி. காலை 8 மணிக்கோ சாயந்திரம் 6 மணிக்கு மேலயோ காட்டுங்க, ஒரு மணி நேரம் முன்னாடியே ஜன்னலை எல்லாம் திறந்து ஃபேனைப் போட்டு வைங்க. அதோட நிறுத்தினா அடுத்த சித்திரையில காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க, அதனால தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் கோட்டிங் அடிச்சுடுங்க. ரெண்டு கோட்டுக்கு 20 லிட்டர் டப்பா ஒண்ணு ஏறக்குறைய உங்க தளத்துக்கு வரும், இருந்தாலும் டப்பாவுல போட்டிருக்கிற கவரேஜைப் பார்த்துக்கோங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி பாசியைத் தேய்ச்சுக் கழுவி, விரிசலை அடைச்சு, நல்லா காய விடணும். பாசி மேல அடிச்சா தோல் உரியும். முதல்ல தண்ணி கட்டிப் பார்க்கிறது, கோட்டிங் கடைசியிலதான்.

போர் தண்ணின்னு சொன்னீங்க, அப்போ குழாய் எல்லாம் வெள்ளை பூத்திருக்கும். பாத்ரூம் ஆசிட் போடாதீங்க, குரோம் பூச்சே போயிடும். மளிகைக் கடையில எலுமிச்சை உப்பு கிடைக்கும். ஒரு மக்கு வெந்நீர்ல ரெண்டு ஸ்பூன் கரைச்சு, துணியை நனைச்சுக் குழாயில சுத்தி ஒரு மணி நேரம் வைங்க, பல் பிரஷ்ஷால தேய்ச்சாலே வந்துடும். மோட்டாரை வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட்டுங்க, சும்மா கிடந்தா ஜாம் ஆகும். டேங்க்ல நாலு மாசமா நிக்கிற தண்ணியை வடிச்சுக் கழுவிப் புதுசா ஏத்துங்க. வர்றவங்க குழாயைத் திறந்து பார்ப்பாங்க. "தண்ணியில்லாத ஆறு"ன்னு பழமொழி சொல்ற ஊர் இது.

---

பாலாற்றங்கரை

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா 22 போன்ல 13 பேர் வீட்டைப் பார்க்கவே வரலை. அதுக்கு டிராப்பும் கறையும் காரணம் இல்லை, நிபந்தனைதான்.

உங்க ஏரியாவுக்கு யார் வருவாங்கன்னு பாருங்க. கலெக்டர் ஆபீஸும் கோர்ட்டும் சத்துவாச்சாரியிலேயே இருக்கு, டிரான்ஸ்பர்ல வர்ற அரசு ஊழியர் குடும்பம் ஒரு வகை. சிஎம்சி ஆஸ்பத்திரி ஸ்டாஃப் இன்னொரு வகை. சிஎம்சியோட ராணிப்பேட்டை வளாகம் ரத்தினகிரி பக்கம் ஹைவேயில இருக்கிறதால, அங்க வேலை பார்க்கிறவங்களுக்குச் சத்துவாச்சாரி தோது. மூணு நர்ஸ் சேர்ந்து ரெண்டு பெட்ரூம் வீடு எடுப்பாங்க, ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம்தான் வரும், மூணு சம்பளம் இருக்கிற வீட்டுல வாடகை நிக்காது. நீங்க போன்லயே "பேச்சிலர் வேண்டாம், சைவம் மட்டும்"னு சொல்லி அவங்களைத் திருப்பி அனுப்புறீங்க. ஆடி பார்க்காத முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த ஊர்ல எவ்வளவு! அவங்களையும் சைவ நிபந்தனையே வடிகட்டிடுது. மார்க்கெட் டல்லா இருக்கும்போது கதவைப் பாதி சாத்தி வச்சுக்கிட்டு ஆள் வரலைன்னா எப்படி?

காட்பாடி விஐடி யுனிவர்சிட்டி பசங்களுக்காகக் காசு செலவு பண்ணாதீங்க, அவங்க பாலாத்துப் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வீடு தேட மாட்டாங்க. சிகிச்சைக்கு வர்ற வெளிமாநிலக் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம்னு புரோக்கர் சொல்லுவார். அவங்க ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துலதான் கேட்பாங்க, நீங்க கட்டில், பாத்திரம், கேஸ் எல்லாம் போடணும், வாரா வாரம் ஆள் மாறும். வெளிநாட்டுக்காரரைத் தங்க வச்சா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதியணும். குடும்ப வீடுகளுக்கு நடுவுல அது சரிப்படாது.

போர்டுல தமிழோட இங்கிலீஷும் இருக்கட்டும். "முதல் மாடி, 2 பெட்ரூம், தனி ஈபி, 24 மணி நேரத் தண்ணி, 13,000 / 50,000" இவ்வளவு போதும். கேட்ல மட்டும் மாட்டாம மெயின் ரோட்டுல திரும்புற இடத்துலயும் கடைக்காரரைக் கேட்டு ஒண்ணு வைங்க. ஆன்லைன்ல முதல் படம் ஹால், ரெண்டாவது கிச்சன், மூணாவது பாத்ரூம். பாத்ரூம் படம் இல்லாத விளம்பரத்தைப் பார்த்தா ஏதோ மறைக்கிறாங்கன்னுதான் தோணும்.

---

பத்திரம்_படிப்பவர்

இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

மாதச் சம்பளக்காரர்கள் கிடைக்க வேண்டுமென்றால் உங்கள் பான் எண்ணைக் கொடுக்கத் தயாராக இருங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்குச் சலுகை கோருபவர் உரிமையாளரின் பான் எண்ணைக் காட்ட வேண்டும். உங்களுடையது 1,56,000. "பான் தர மாட்டேன், ரொக்கமாகக் கொடுங்கள்" என்றால் அந்தக் குடும்பம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு, பயந்து ஒளிக்க வேண்டிய தொகையல்ல.

அடுத்து ஒப்பந்தம். "பதினொரு மாதம் போட்டால் பதிவே வேண்டாம்" என்பது பாதி உண்மை. சார்பதிவாளரிடம் பதிய வேண்டாம் என்பது சரி. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் ஆன்லைனில் பதிந்து எண் வாங்க வேண்டும். அதே சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதபட்சத்தில் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாக வைத்திருக்கிறது. உங்களுக்கு அது 39,000. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். பெயிண்டுக்காக ஒரு மாத வாடகை பிடிக்கும் வழக்கம் இருந்தால் அதை இப்போதே எழுதிவிடுங்கள். போகும்போது வரும் சண்டையில் பெரும்பங்கு அதனால்தான்.

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒரு திருத்தம். வாடகையிலும் ஏதாவது விட வேண்டி வந்தால் 12,000 என்று எழுதாதீர்கள். 13,000 என்று எழுதி, முதல் மாதம் பாதி வாடகை என்று தனி வரி சேருங்கள். அடுத்த ஆண்டு 5 சதவீத உயர்வு 13,000 மீது வரும்.

---

மாடிவீடு632009

ரொம்ப நன்றி. டிராப்ல தண்ணி ஊத்தினோம், மறுநாளே நாத்தம் இல்லை. அட்வான்ஸ் 50,000ன்னு போர்டை மாத்திட்டோம், சைவ நிபந்தனையையும் எடுத்தாச்சு. கோர்ட்ல வேலை பார்க்கிற ஒருத்தர் குடும்பத்தோட வந்து பார்த்துப் பிடிச்சிருக்குன்னார். ஆனா ஆடி முடிஞ்சுதான் சாமான் கொண்டு வருவாங்களாம். அதுவரைக்கும் வேற யாருக்கும் காட்டாம வச்சிருக்கலாமா?

---

கணக்குப்பிள்ளை

வெறும் வாய் வார்த்தைக்கு வச்சிருக்காதீங்க. ஆனியிலேயே நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சச் சொல்லுங்க, சாமான் ஆவணியில வரட்டும். நிறைய குடும்பம் அப்படித்தான் செய்யுது. பால் காய்ச்சுற அன்னிக்கே ஒப்பந்தம், அட்வான்ஸ்ல பாதி, ரசீது. ஆடி மாசத்துக்குப் பாதி வாடகை 6,500 கேளுங்க. சும்மா கிடக்கிற மாசத்துல அது வந்தா லாபம்தானே. அவங்களும் அதுக்குள்ள சீலிங், தளம் வேலையை முடிச்சுத் தாங்கன்னு கேட்பாங்க, தேதி போட்டு ஒப்பந்தத்துலயே எழுதிக்கொடுத்துடுங்க. சாவி கொடுக்கும்போது ஈபி மீட்டர் ரீடிங்கை ரெண்டு பேர் போன்லயும் படம் எடுத்துக்கோங்க.