கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா இனிஷியலிலேயே டாக்டராகத் தொடரலாமா?

கேள்வி (கோத்தகிரி):
அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு குன்னூர். பட்டம், மெடிக்கல் கவுன்சில் பதிவு, கிளினிக் போர்டு எல்லாமே அப்பா இனிஷியலில் இருக்கின்றன. மாற்றியே ஆகணும் என்கிறார்கள் உறவினர்கள். சட்டம் அப்படிச் சொல்கிறதா?

பதில் 1:
இல்லைங்க. பெயரை மாற்றச் சொல்லும் சட்டமே கிடையாது. தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். கணவர் யார் என்று காட்ட அந்தச் சான்றிதழ் போதும். பாஸ்போர்ட்டிலும் உங்கள் பெயரைத் தொடாமல் கணவர் பெயரைச் சேர்க்கலாம்.

பதில் 2:
பாதி மாற்றினால்தான் சிக்கல். பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும்; ஆதாரில் கணவர் இனிஷியல் போட்டால் இரண்டும் பொருந்தாது. பான்-ஆதார் இணைப்பு தடைபடும், வங்கியில் கேஒய்சியும் இழுக்கும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு 2 முறைதான் திருத்தலாம், உறவினர் வற்புறுத்தலுக்காக ஒன்றைச் செலவழிக்காதீர்கள்! குன்னூர் முகவரிக்கு மாற்றும்போது ‘கேர் ஆஃப்’ இடத்தில் கணவர் பெயரைப் போடுங்கள்.

பதில் 3:
மருந்துச் சீட்டில் கவுன்சிலில் பதிவான பெயரும் எண்ணும்தான் இருக்கணும். போர்டில் மட்டும் புது இனிஷியல் எழுதினால் மெடிக்கல் ஷாப்பிலும் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும். ரேஷன் கார்டில், அப்பா கார்டிலிருந்து நீக்கிய பிறகே கணவர் கார்டில் சேர்க்க முடியும். அதற்கும் பெயர் மாற வேண்டியதில்லை.