ஜெயில் வார்டன் வேலைக்கு வயது வரம்பு 24-ஆ, 26-ஆ, 28-ஆ?

தென்பெண்ணை:
வணக்கம். இரண்டாம் நிலை சிறைக் காவலர் தேர்வுக்குத் தம்பி படிக்கிறான். பிறந்த தேதி 12.9.1998, எம்பிசி. யூடியூபில் ஒருவர் 24 வயதுதான் என்கிறார், கோச்சிங் சென்டரில் 26 என்கிறார்கள், பழைய நோட்டீஸ் ஒன்றில் 28 என்று இருக்கிறது. எது சரி? பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கேட்க வேண்டும். எஸ்சி, வயது 33, கணவர் இறந்துவிட்டார். எஸ்சி தளர்வையும் விதவைத் தளர்வையும் கூட்டிக்கொள்ளலாமா? உதவி சிறை அலுவலர் வேலைக்கும் இதே வயதுதானா?

பாலாறு:
மூன்றுமே ஒரு காலத்தில் சரி, அதனால்தான் குழப்பம். 2020 அறிவிக்கையில் பொதுப் பிரிவுக்கு 24, பிசி, எம்பிசிக்கு 26, எஸ்சி, எஸ்டிக்கு 29. 2022 அறிவிக்கையிலிருந்து எல்லாமே இரண்டு ஆண்டு கூடிவிட்டது. இப்போது பொது 26, பிசி (முஸ்லிம் உட்பட), எம்பிசி, டிஎன்சிக்கு (சீர்மரபினர்) 28, எஸ்சி, அருந்ததியர், எஸ்டி, திருநங்கையர் 31, ஆதரவற்ற விதவை 37, முன்னாள் படைவீரர் 47. குறைந்தபட்சம் எல்லோருக்கும் 18. பழைய பிடிஎஃப்-ஐ யாரோ வாட்ஸ்அப்பில் சுற்றவிட, 24 என்று நம்பி விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

வயதைக் கணக்கிடுவது விண்ணப்பிக்கும் நாளிலோ தேர்வு நாளிலோ அல்ல. அந்த ஆண்டு ஜூலை 1-ல் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். தம்பிக்கு 1.7.2026-ல் 27 முடிந்து 28 நடக்கும், தாராளமாக உள்ளே வருவான். 1.7.2027 என்று வந்தால் 28 முடிந்திருக்கும், அவ்வளவுதான். ஆண்டுதோறும் அறிவிக்கை வந்தே தீரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அவனுக்கு இருப்பது ஒரே வாய்ப்பு என்று நினைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஜூலை 1-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்காமல், "இந்தத் தேதிக்குப் பின் பிறந்திருக்க வேண்டும்" என்று அறிவிக்கையில் அச்சிட்டிருக்கும் தேதியையே பார்க்க வேண்டும்.

தளர்வுகளைக் கூட்ட முடியாது. பொருந்துவதில் எது பெரியதோ அது ஒன்றுதான். அந்த அக்காவுக்கு எஸ்சி வரம்பு 31 தாண்டிவிட்டது, ஆனால் ஆதரவற்ற விதவை என்ற வகையில் 37 வரை வரலாம்.

உதவி சிறை அலுவலர் பதவி டிஎன்பிஎஸ்சி வழியாக வருவது. தகுதி, வயது, தேர்வு எல்லாமே வேறு. அதற்கென வரும் அறிவிக்கையைத் தனியாகப் பாருங்கள், வார்டன் வயதை அங்கே கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

கொள்ளிடக்கரை:
பாலாறு அண்ணன் சொன்னது சரி. ஆனால் வயதில் ஆள் விழுவது பெரும்பாலும் சான்றிதழ் சரிபார்ப்பில்தான். 28 என்பது தம்பிக்குக் கிடைப்பது எம்பிசி என்ற ஒரே காரணத்தால். சாதிச் சான்றிதழ் செல்லாது என்று ஆகிவிட்டால் அவனைப் பொதுப் பிரிவில் வைப்பார்கள். பொதுப் பிரிவில் 26-ஐத் தாண்டிய ஆள் என்பதால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் முழுசாக வெளியே. 22 வயதுப் பையனுக்கு அதே தவறு நடந்தால் இடஒதுக்கீடு மட்டும்தான் போகும், 27 வயதுக்காரனுக்கு வேலையே போய்விடும்.

அதனால் வயது ஏறியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டு வருவாய்த் துறை கொடுத்ததாக இருக்க வேண்டும், வேறு மாநில பிசி சான்று இங்கே செல்லாது. மத்திய அரசு வேலைக்காக வாங்கிய ஓபிசி சான்றை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள், மாநிலப் படிவத்தில் தனியாக வேண்டும். திருமணமான பெண்களுக்கு அது தந்தை பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியதை ஏற்க மாட்டார்கள். பிறந்த தேதிக்கு ஆதாரம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். ஆதாரில் வேறு தேதி இருந்தால் அதை இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

அந்த அக்காவிடம் இருக்க வேண்டியது கணவரின் இறப்புச் சான்றிதழோ விதவைச் சான்றிதழோ மட்டுமல்ல. "ஆதரவற்ற விதவை" என்று ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப் கலெக்டர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். அதற்கு வருமான வரம்பு உண்டு, மறுமணம் செய்திருக்கக் கூடாது. விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று அறிக்கை ஒவ்வொரு மேசையாகப் போய் வர நாளாகும். அறிவிக்கை வந்த பிறகு ஓடினால் கடைசித் தேதிக்குள் கையில் கிடைக்காது.

இன்னொன்று. 2023-ல் சிறைக் காவலர் 86 இடத்தில் பெண்களுக்கு வந்தது 3. அதே அறிவிக்கையில் ஆயுதப்படைப் பெண் காவலர் 780. ஆதரவற்ற விதவைக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருந்தாலும், 3 இடத்தில் அதற்கு என்ன பொருள்? விண்ணப்பம் ஒன்றுதான் என்பதால், காவலர் பதவியையும் சேர்த்தே குறி வைக்கச் சொல்லுங்கள்.

வைகைமேடு:
வயதுத் தளர்வு ஓட்டத்துக்குக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 19 வயதுப் பையனும் 27 வயதுக்காரரும் 1500 மீட்டரை 7 நிமிடத்தில்தான் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்சி, எஸ்டிக்கு 167. மார்பு 81, விரிந்தால் 86. தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது மேல் வரம்பு அல்ல, கீழ் வரம்புதான். 18 முதல் 21 வயதுள்ள குற்றவாளியை இளங்குற்றவாளி என்று சொல்லிப் புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளி போன்ற இடத்தில் தனியாக வைக்கிறோம், பெரிய கைதிகளோடு சேர்ந்தால் கெட்டுவிடுவான் என்று. அதே 18 வயதுப் பையனுக்குக் காக்கி போட்டு, ஆயுள் கைதிகள் இருக்கும் பிளாக்குக்கு அனுப்பலாமா? முதலில் பீடி, பிறகு செல்போன் என்று புதுப் பையனைத்தான் கைதிகள் மெல்ல வளைப்பார்கள். கலிபோர்னியாவில் 21-க்குக் கீழே எடுப்பதில்லை. டெக்சாஸ் 18-லேயே எடுக்கிறது. புளோரிடாவில் போலீசுக்கு 19, சிறைக் காவலருக்கு மட்டும் 18. ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் இறங்குவது இந்த எண்தான். நம் ஊரில் 21 ஆக்கினால் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பாலாறு:
21 என்றால் பத்தாவதோடு நிற்கும் கிராமத்துப் பையனுக்கு மூன்று வருடம் வீண், அதை ஏற்க முடியவில்லை. 18-ல் எடுக்கட்டும், முதல் இரண்டு வருடம் பிளாக் டூட்டி தராமல் வாசல் சோதனை, மனு அறை (கைதியைப் பார்க்க வருபவர்கள் சந்திக்கும் இடம்) என்று மூத்தவரோடு போடட்டும். அமெரிக்காவை எடுத்தீர்கள் என்பதால் சொல்கிறேன், அங்கே மத்திய அரசுச் சிறைகளில் மேல் வரம்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 57-ல் கட்டாய ஓய்வு, அந்த வேலைக்கென உள்ள சிறப்பு ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு சேவை வேண்டும், ஆகவே 37-வது பிறந்தநாளுக்கு முன் சேர வேண்டும். முன்னாள் படைவீரர் முன்னுரிமை உள்ளவர்களுக்கு அதிலும் விலக்கு. நம்மிடம் ஓய்வு 60-ல். 26-ஐ அப்படி எந்தக் கணக்கிலும் பொருத்த முடியவில்லை. ஓடி முடிக்கிற 30 வயதுக்காரரை ஏன் தள்ள வேண்டும்?

தென்பெண்ணை:
மிக்க நன்றி. அந்த அக்கா குடும்பம் சில வருடம் முன்பு கிறித்தவ மதத்துக்கு மாறியது. அதனால் ஏதும் சிக்கல் வருமா?

கொள்ளிடக்கரை:
வரும். கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிசி பட்டியலில் வருகிறார்கள். எஸ்சி என்று விண்ணப்பித்துப் பிறகு தெரிந்தால் ரத்து. அவருக்கு 37 என்ற வயது வரம்பு விதவைச் சான்றால் கிடைப்பது, அது மாறாது. விண்ணப்பத்தில் பிரிவைச் சரியாகப் போட்டு, அதற்கேற்ற சாதிச் சான்றை முதலில் வாங்கச் சொல்லுங்கள்.